வன்னிப் பாடசாலைகளில் கட்டிளமைப் பருவத்தினரின் சுகாதாரத்துக்கு அரச நிதியைப் பெறுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

உலக சுகாதார நிறுவனம் 10 வயது முதல் 19 வயது வரையுள்ளவர்களைக் கட்டிளமைப் பருவத்தினர் என்று வரையறுக்கிறது. வன்னிப் (வடக்கு மாகாணத்தின் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்கள்) பாடசாலைகளில் இந்த வயதிலுள்ள பிள்ளைகளின் உடல் நலத்துக்கும் உள நலத்துக்கும் செலவிடக்கூடிய அரச பணம் ஓரிடத்தில் இருப்பதில்லை. ஒரு பகுதி மாகாணக் கல்வி அமைச்சிடமும், இன்னொரு பகுதி மாகாணச் சுகாதார அமைச்சிடமும், மற்றொரு பகுதி கொழும்பிலுள்ள மத்திய அமைச்சுகளிடமும் இருக்கின்றன. இவற்றைத் தவிர மாவட்டச் செயலகத்திலும் பிரதேச சபையிலும் பாடசாலையின் சொந்தக் கணக்கிலும் சிறு தொகைகள் உண்டு. இரும்புச்சத்துக் குளிசை சுகாதாரத்தாரின் வேலை என்று கல்விப் பகுதியினர் சொல்கிறார்கள். மலசலகூடமும் தண்ணீரும் கல்வியின் பொறுப்பு என்று சுகாதாரப் பகுதியினர் சொல்கிறார்கள். இரு சாராரும் சொல்வது சரியே. ஆயினும் அந்த இரண்டு சரிகளுக்கும் நடுவே, எவருடைய கோவையிலும் ஏறாத தேவைகள் ஆண்டுதோறும் தேங்கிக் கிடக்கின்றன.

பாடசாலைக்கு 'கட்டிளமைப் பருவத்தினரின் சுகாதாரம்' என்ற பெயரில் தனி ஒதுக்கீடு வருவதில்லை. ஆகவே, ஏற்கெனவே உள்ள ஒதுக்கீடுகளுக்குள் இந்தத் தேவையைப் பெயர் குறித்து, அளவு குறித்து, முந்தைய ஆண்டின் நடுப்பகுதிக்குள் எழுதிக் கொடுக்கும் பாடசாலைக்கே பணம் வருகிறது. அதிபர்கள், சுகாதாரப் பாட ஆசிரியர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்க நிர்வாகிகள், பெற்றோர் ஆகியோர் அதை எந்த ஒழுங்கில் செய்யலாம் என்பதைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

முதற் படி: உங்கள் பாடசாலை யாருடையது, பணம் எங்கிருந்து வருகிறது

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி கல்வியும் சுகாதாரமும் பெருமளவில் மாகாணத்துக்குரிய விடயங்கள். வன்னியிலுள்ள பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள்; அவற்றின் நிதி வடக்கு மாகாணக் கல்வி அமைச்சிலிருந்து வலயக் கல்வி அலுவலகத்தின் ஊடாக வருகிறது. தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் நேரடி நிருவாகத்தில் உள்ளவை. ஆகவே கட்டடத் திருத்தத்துக்கான கோரிக்கையை எழுதுமுன் உங்கள் பாடசாலை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை மனத்தில் இருத்துங்கள். தவறான அமைச்சுக்கு அனுப்பிய கடிதத்துக்கு மறுப்புக்கூட வராது. அது கோவையில் தங்கிவிடும்.

மாகாணத்துக்கான பணத்தை மத்திய அரசாங்கம் நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையின் பேரில் ஒதுக்குகிறது. அந்த நன்கொடைகளில் இரண்டை நீங்கள் தெரிந்து வைத்திருப்பது போதும். தொகுதி நன்கொடை என்பது மீண்டுவரும் செலவினங்களுக்கானது. அதில் பெரும்பகுதி சம்பளமாகவே போய்விடுகிறது. அலுவலகங்களில் எல்லாரும் பி.எஸ்.டி.ஜி. என்று சொல்லும் மாகாண அபிவிருத்தி நன்கொடை மூலதனச் செலவினங்களுக்கானது. மலசலகூடத் தொகுதி, நீர்த்தாங்கி, சுகாதார அறை, கிணறு ஆகியவை இதற்குள் அடங்கும். மீண்டுவரும் செலவைப் பி.எஸ்.டி.ஜி.யில் கேட்டாலோ, கட்டடத்தைத் தொகுதி நன்கொடையில் கேட்டாலோ கோரிக்கை திட்டமிடல் பிரிவிலேயே நின்றுவிடும்.

வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. அதன் பின்னர் ஆளுநரும் அமைச்சுகளின் செயலாளர்களுமே மாகாண நிதியைத் தீர்மானித்து வந்துள்ளார்கள். உங்கள் ஊரின் தேவையை மாகாண சபையில் எழுந்து பேச ஓர் உறுப்பினர் இல்லாத நிலையில், எழுத்திலுள்ள ஆதாரத்தின் பெறுமதி இன்னும் கூடுகிறது.

சுகாதாரப் பக்கத்தின் ஒழுங்கு வேறு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையே உங்கள் வாசல். அங்குள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் பாடசாலைக்கு வருவார்கள். அவர்களுக்கு மேலே மாவட்டத்துக்கு ஒரு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் இருக்கிறார். தடுப்பூசிகளும் குளிசைகளும் மத்திய சுகாதார அமைச்சின் வழியே வருபவை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்காக 2017 முதல் ஆறாம் தர மாணவிகளுக்குப் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசியும் அவ்வாறே. இவற்றுக்காகப் பாடசாலை ஒரு சதமும் தேடவேண்டியதில்லை.

எல்லைகள் பொருந்தாமையே வன்னியின் தனிச் சிக்கல். முல்லைத்தீவு மாவட்டத்தில் முல்லைத்தீவு, துணுக்காய் என இரண்டு கல்வி வலயங்கள். வவுனியாவில் வவுனியா தெற்கு, வவுனியா வடக்கு. மன்னாரில் மன்னார், மடு. சுகாதாரத்திலோ ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரே பிராந்தியப் பணிமனைதான். ஆகவே மல்லாவியிலுள்ள ஒரு பாடசாலையின் கல்விக் கோரிக்கை துணுக்காய் வலயத்துக்குப் போகும்போது, அதன் சுகாதாரக் கோரிக்கை முல்லைத்தீவு மாவட்டம் முழுவதற்குமான மேசைக்குப் போகிறது. இரண்டு அலுவலகங்களும் தாமாகப் பேசிக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரு கடிதங்களிலும் ஒன்றுக்கொன்று பிரதி குறிப்பிட்டு அனுப்புவது உங்கள் கடமை.

இரண்டாம் படி: ஆதாரத்தைத் திரட்டுதல்

பாடசாலை மருத்துவப் பரிசோதனையின் பெறுபேறுகளே உங்களிடமுள்ள மிக வலுவான ஆவணம். 200 மாணவர்களுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் 1, 4, 7, 10 ஆம் தரத்து மாணவர்கள் பரிசோதிக்கப்படுகிறார்கள். அதற்குக் குறைந்த பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் பரிசோதிக்கப்படவேண்டும். வன்னியில் சிறிய பாடசாலைகள் ஏராளம் என்பதால், நகரத்துப் பெரிய பாடசாலைக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு நமக்கு இருக்கிறது: கட்டிளமைப் பருவத்தினர் அத்தனை பேரினதும் நிறை, உயரம், பார்வை, பல், இரத்தச்சோகை அறிகுறி ஆகியவற்றை ஆண்டுதோறும் எண்ணிக்கையாகக் காட்ட முடியும். அந்தப் பெறுபேறுகளின் தொகுப்பைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அதனோடு நான்கு ஆவணங்களை இணைக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடசாலைச் சூழலைப் பார்வையிட்டு எழுதும் அறிக்கை ஒன்று. வாராந்த இரும்புச்சத்து, போலிக் அமிலக் குளிசை வழங்கிய பதிவேடு மற்றொன்று. மூன்றாவது, ஏழாம் தரம் முதலான மாணவிகளின் வரவுப் பதிவிலிருந்து எடுத்த மாதாந்த வரவின்மை எண்ணிக்கை. நான்காவது குடிநீர்ப் பரிசோதனை அறிக்கை. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயினால் பாதிக்கப்பட்ட வவுனியா மாவட்டத்தில், நீர் அறிக்கை இல்லாத சுகாதாரக் கோரிக்கை அரைகுறையானது.

பிள்ளைகளின் அந்தரங்கத்தில் இங்கே மிகுந்த கவனம் வேண்டும். எண்ணிக்கை மட்டும் போகட்டும், பெயர் போகக்கூடாது. அறுபது பிள்ளைகள் உள்ள பாடசாலையில் 'பத்தாம் தரத்தில் உளவள ஆலோசனை தேவைப்படுவோர் இருவர்' என்று எழுதினால் ஊர் முழுவதற்கும் அந்த இருவர் யாரென்று தெரிந்துவிடும். அத்தகைய இடங்களில் 6 முதல் 11 வரையான தரங்களைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தாருங்கள். உள நலம், வீட்டு வன்முறை, இளவயதுத் திருமணம் தொடர்பான தனிப்பட்ட விடயங்கள் நிதிக் கோரிக்கைக்குள் வரவே கூடாது. அவற்றுக்கு வேறு வழிகள் உண்டு. சிறுவர் பாதுகாப்புக்கு 1929, உள நல உதவிக்கு 1926 ஆகிய தொலைபேசி இலக்கங்களும், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், வன்முறையால் பாதிக்கப்பட்டோருக்கு உதவும், வைத்தியசாலைகளிலுள்ள நட்பு நிலையங்களும் அதற்காகவே இருக்கின்றன.

மூன்றாம் படி: தேவைகளைப் பணத்தின் தன்மைப்படி பிரித்தல்

பாடசாலைச் சுகாதார மேம்பாட்டுக் குழுவைக் கூட்டுங்கள். அதிபர், சுகாதாரப் பாட ஆசிரியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர், அபிவிருத்திச் சங்கப் பிரதிநிதி, பெற்றோர், மாணவர் சுகாதாரக் கழக உறுப்பினர்கள் ஆகியோர் அதில் இருக்கவேண்டும். மாணவிகளின் கருத்தை ஓர் ஆசிரியை தனியாகக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. அதிபரும் ஊர்ப் பெரியவர்களும் இருக்கும் சபையில் பதினான்கு வயதுப் பிள்ளை மாதவிடாய் பற்றி வாய் திறக்கமாட்டாள். கூட்ட அறிக்கையில் எல்லாரும் ஒப்பமிடவேண்டும், ஏனெனில் பின்னர் கணக்காய்வில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த அறிக்கைதான்.

குழு கண்ட தேவைகளை மூன்று பகுதியாகப் பிரியுங்கள்.

முதலாவது, பணமே தேவைப்படாதவை. தடுப்பூசி, குளிசை, மருத்துவப் பரிசோதனை, இனப்பெருக்கச் சுகாதார வகுப்புக்குக் குடும்பநல உத்தியோகத்தரை அழைத்தல் போன்றவை. இவை கிடைக்காவிட்டால் எழுதவேண்டியது நிதிக் கோரிக்கை அன்று. சுகாதார வைத்திய அதிகாரிக்கு நினைவூட்டல் கடிதம். 2024 இல் கல்வி அமைச்சு தெரிவுசெய்த பாடசாலைகளின் மாணவிகளுக்கு ஆரோக்கியத் துவாய் வாங்கும் வவுச்சர் வழங்கத் தொடங்கியது. உங்கள் பாடசாலை தெரிவுப் பட்டியலில் உள்ளதா என்பதை வலயத்தில் கேளுங்கள். தகுதியிருந்தும் விடுபட்டிருந்தால் எழுத்தில் முறையிடுங்கள்.

இரண்டாவது, சிறு மீண்டுவரும் செலவுகள். சவர்க்காரம், முதலுதவிப் பெட்டி நிரப்புதல், அவசரத் தேவைக்கான துவாய் இருப்பு, விழிப்புணர்வு நிகழ்ச்சியின் சிற்றுண்டி ஆகியவை இதில் அடங்கும். வன்னிக்கு மிக முக்கியமான இன்னொன்றையும் இதில் சேர்க்கவேண்டும்: வைத்தியசாலைக்குப் போய்வரும் பஸ் செலவு. பரிசோதனை இலவசம், கிளினிக் இலவசம். ஆனால் ஒட்டுசுட்டானுக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து பார்வைக் குறைபாட்டுக்காக மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை அங்கே போவதற்கு, தாய் ஒரு நாள் கூலியை விட்டு இரண்டு பஸ் ஏறவேண்டும். இந்தச் செலவு எந்த அமைச்சின் ஒதுக்கீட்டிலும் இல்லை. பரிசோதனையில் கண்டறிந்த குறைபாடு அடுத்த பரிசோதனையிலும் அப்படியே இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து. அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் இதற்கென்று ஒரு சிறு தொகையைத் தீர்மானம் எடுத்து ஒதுக்குங்கள். அல்லது சுகாதாரப் பணிமனையுடன் பேசி ஒரே நாளில் பல பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புங்கள்.

மூன்றாவது, மூலதனச் செலவு. பெண்பிள்ளைகளின் மலசலகூடத்தை எடுத்துக்கொள்வோம். பதிவேட்டில் 'மாணவிகள் மலசலகூடம் 4' என்று இருக்கும். போய்ப் பார்த்தால் ஒன்றின் கதவில் தாழ்ப்பாள் இல்லை, இன்னொன்று பொருட்கள் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும், மூன்றாவதில் குழாய் உண்டு, ஆனால் முதலாம் இடைவேளைக்கு முன்னரே தாங்கியில் தண்ணீர் தீர்ந்துவிடும், நான்காவதில் பாவித்த துவாயைப் போட வாளி கிடையாது. அந்தப் பாடசாலைக்குப் புதிய கட்டடம் தேவையில்லை. பெரிய தாங்கி, தாழ்ப்பாள், மூடியுள்ள வாளி, கழிவை எரிக்கும் சிறு அடுப்பு ஆகியவையே தேவை. புதுக் கட்டடம் கேட்டால் வரிசையில் பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். திருத்தம் கேட்டால் அடுத்த ஆண்டே கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே கட்டுவதற்கு முன் திருத்துவதைக் கேளுங்கள்.

நான்காம் படி: திட்டத்தில் எழுதுதல்

நிதியாண்டு ஜனவரி 1 இல் தொடங்கி டிசம்பர் 31 இல் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகள் நடப்பாண்டின் நடுப்பகுதியிலிருந்தே தயாராகின்றன. எனவே ஜூன், ஜூலை மாதங்களுக்குள் உங்கள் கோரிக்கை வலயத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். நவம்பரில் வரவு செலவுத் திட்ட உரையைக் கேட்டுவிட்டு எழுதும் கடிதம் அதற்கு அடுத்த ஆண்டுக்கே பயன்படும்.

பாடசாலையின் ஐந்தாண்டுத் திட்டத்திலும் வருடாந்த அமுலாக்கத் திட்டத்திலும் இல்லாத தேவையை வலயம் முன்னுரிமைப் பட்டியலில் சேர்ப்பது கடினம். பெரும்பாலான திட்டங்களில் சுகாதாரத்துக்கு ஒரு வரி இருக்கிறது. அது 'சுகாதார நடவடிக்கைகள் – தேவைக்கேற்ப' என்பதாக இருக்கும். அந்த வரிக்கு எவரும் பணம் ஒதுக்க முடியாது. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: 'மாணவிகள் மலசலகூடத் தொகுதி திருத்தம். பயன்பெறுவோர்: 6 முதல் 11 வரையான தரங்களின் மாணவிகள் அனைவரும். தற்போதைய நிலை: நான்கில் ஒன்று மட்டும் பாவனையில். வேலை: 2,000 லீற்றர் தாங்கி, நீர்க்குழாய் இணைப்பு, மூன்று கதவுகள், கழிவு எரிக்கும் அடுப்பு. ஆதாரம்: பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. மதிப்பீடு: தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு இணைக்கப்பட்டுள்ளது. பராமரிப்பு: பாடசாலை அபிவிருத்திச் சங்கம்.' திட்டமிடல் உத்தியோகத்தர் ஒருவர் இதை அப்படியே தம் அட்டவணைக்குள் எடுத்துப்போட முடியும், அவரது மேசையில் நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் கிடக்கும்போது உங்களுடையது மேலே வருவதற்கு அந்த வசதியே காரணமாகும்.

தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீட்டைப் பெறுவதே அதிக காலம் எடுக்கும் வேலை. அவர்களின் தொகை குறைவு, தூரம் அதிகம். வலயத்தில் கேட்டு அவர் உங்கள் கோட்டத்துக்கு (வலயத்தின் உட்பிரிவு) வரும் நாளை அறிந்து, அயல் பாடசாலைகளையும் சேர்த்து ஒரே சுற்றில் பார்க்கச் செய்யுங்கள்.

கற்பித்தலோடு தொடர்புடைய பொருட்களுக்கு வேறு வழி இருக்கிறது. 'சுகாதாரமும் உடற்கல்வியும்' ஒரு பாடம் என்பதால், நிறை பார்க்கும் தராசு, உயரமானி, விளக்கப்படங்கள், இரத்த அழுத்தமானி போன்றவற்றைத் தர உள்ளீட்டு நிதியின் (கற்றல் கற்பித்தல் பொருட்களுக்குப் பாடசாலைக்கு வரும் பணம்) கீழ் அந்தப் பாடத்துக்கான கற்றல் உபகரணமாகக் கேட்கலாம். அந்த நிதியில் மலசலகூடம் கட்ட முடியாது.

ஐந்தாம் படி: வலயமாகச் சேர்ந்து கேட்டல்

தனியொரு பாடசாலையின் தேவை சிறிய தொகை. அதனாலேயே அது கண்ணில் படாமல் போகிறது. ஒரு கோட்டத்தின் பத்துப் பாடசாலைகள் ஒரே படிவத்தில் தம் தேவையை எழுதி, கோட்டக் கல்விப் பணிப்பாளர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளரிடம் கொடுத்தால் அது ஒரு திட்டமாகிறது. அதன் பிரதியோடு சுகாதார வைத்திய அதிகாரியின் பரிந்துரைக் கடிதம் சேரும்போது அது இரண்டு திணைக்களங்களின் திட்டமாகிறது. உளவள ஆலோசனை போன்ற தேவைகளுக்கு இது இன்னும் பொருந்தும். ஒவ்வொரு சிறு பாடசாலைக்கும் ஓர் ஆலோசகர் கிடைக்கப்போவதில்லை. ஆனால் ஒரு கோட்டத்துக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரைச் சுற்றுமுறையில் அனுப்பி, அவருடைய பயணப்படியை வலயம் ஏற்கும்படி கேட்பது நடக்கக்கூடியது.

ஆறாம் படி: ஏனைய வழிகள்

பாராளுமன்ற உறுப்பினர்களின் ஊடாக வரும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி சிறு திருத்தங்களுக்குப் பயன்படும். அது தேர்தல் மாவட்டத்தைப் பின்பற்றுவது: வவுனியா, மன்னார், முல்லைத்தீவு ஆகிய மூன்றும் வன்னித் தேர்தல் மாவட்டம், கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிறது. கிளிநொச்சிப் பாடசாலை வன்னி உறுப்பினரிடம் மனுக் கொடுப்பதால் பயனில்லை. கோரிக்கையைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலும் பதியச் செய்யுங்கள்.

பிரதேச சபையிடம் பணம் கேட்பதைவிடச் சேவை கேட்பது மேல். வறட்சிக் காலத்தில் பவுசர் தண்ணீர், கழிவகற்றல், குழி வெறுமையாக்கல் ஆகியவற்றை ஓர் ஆண்டு அட்டவணையாக ஒப்புக்கொள்ளச் செய்யலாம். தொண்டு நிறுவனங்கள் உதவ முன்வந்தால் மாவட்டச் செயலகத்தினதும் வலயத்தினதும் அனுமதியோடு மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் பணம் சேர்ப்பதற்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் கட்டுப்பாடு விதிக்கின்றன. வறுமை மிகுந்த நம் கிராமங்களில் அது நியாயமுமன்று.

ஏழாம் படி: பணம் வந்தபின்

ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தது என்பதற்காகப் பணம் வந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். திறைசேரியிலிருந்து கட்டுநிதி, அதாவது செலவிடுவதற்காக விடுவிக்கப்படும் பணம், தவணை தவணையாகவே வருகிறது. ஆண்டின் பிற்பகுதியில்தான் பெரும்பகுதி கைக்கு எட்டுவதும் உண்டு. டிசம்பர் 31 க்குள் செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். வன்னியில் ஒக்டோபர் முதல் மாரி தொடங்கிவிடுகிறது. வயலோரப் பாடசாலைக்கு மணல் லொறி போகமுடியாத மாதங்கள் அவை. ஆகவே கூறுவிலைப் பத்திரங்கள், கொள்வனவுக் குழுவின் தீர்மானம், வேலைத்தளத் தெரிவு ஆகியவற்றை ஒதுக்கீடு உறுதியானவுடனேயே முடித்து, பணம் விடுவிக்கப்படும் நாளில் வேலையைத் தொடங்கும் நிலையில் இருங்கள். சிறிய கட்டட வேலைகளைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கோ கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ ஒப்பந்தமாகக் கொடுக்க இடமிருக்கிறது. ஊரின் மேசனே வேலை செய்வதால் தரமும் கண்காணிப்பும் கூடும்.

வாங்கிய ஒவ்வொரு பொருளும் அன்றே பொருட்பதிவேட்டில் ஏறவேண்டும். துவாய், சவர்க்காரம் போன்ற தீர்ந்துபோகும் பொருட்களுக்குத் தனி இருப்பேடு வையுங்கள். அதில் வழங்கிய எண்ணிக்கை போதும். பெற்றுக்கொண்ட மாணவியின் ஒப்பம் வேண்டாம். ஒப்பமிடவேண்டும் என்றால் பிள்ளைகள் கேட்கவே வரமாட்டார்கள்.

எட்டாம் படி: கேட்டுக்கொண்டே இருத்தல்

கோரிக்கை என்னவாயிற்று என்று தெரியாவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் வலயத்திடமோ மாகாணத் திணைக்களத்திடமோ எழுத்தில் கேட்கலாம். தகவல் வழங்குவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். மறுத்தால் அந்த அலுவலகத்தில் மேன்முறையீட்டை ஏற்கும் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். அதிபருக்குச் சங்கடம் தராமல் இதைப் பெற்றோர் ஒருவரே செய்வது நல்லது. கேள்வி குறிப்பாக இருக்கட்டும்: இந்த ஆண்டில் இந்த வலயத்தில் பாடசாலை மலசலகூடத் திருத்தத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, எந்தெந்தப் பாடசாலைகள், தெரிவுக்கான அளவுகோல் என்ன?

பதில் வந்ததும் அதைச் சுகாதாரக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வாசித்து, உங்கள் பாடசாலை எந்த அளவுகோலில் பின்தங்கியது என்று பாருங்கள். மதிப்பீடு இல்லாமையா, அறிக்கை பழையதா, மாணவர் தொகை குறைவா? முதலிரண்டையும் நீங்களே திருத்தலாம். மூன்றாவது காரணமானால், சிறிய பாடசாலைகளைத் தொகையால் மட்டும் அளக்கக்கூடாது என்று கோட்டத்தின் எல்லா அதிபர்களும் சேர்ந்து வலயத்துக்கு எழுதி, அடுத்த ஜூன் மாதத்துக்கு முன்னர் அந்தக் கடிதத்தின் பிரதியை மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் அனுப்பவேண்டும்.